அசைவை அடக்கும் ஓர் எண்: சிஎஸ்எஸ் மாறிகளும் தொண்டிக் கடலும்

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால் தொண்டிவரை அதே பேச்சுதான். 1-ம் எண் என்றால் எங்கோ தொலைவில் புயல் சின்னம் உருவாகியிருக்கிறது. 3-ம் எண் என்றால் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரக்கூடும். 8, 9, 10 என்றால் பெரும் அபாயம். 11 என்றால் வானிலை மையத்துடன் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது. ஏற்றுவது ஒரே ஓர் எண்ணுக்கான அடையாளத்தை. அதைப் பார்த்துப் படகுக்காரர், ஐஸ் வியாபாரி, ஏலம் எடுப்பவர் என்று அவரவர் தம் வேலையை மாற்றிக்கொள்கிறார்கள். படகு படகாகப் போய் யாரும் கட்டளை சொல்வதில்லை.

வலைப்பக்க வடிவமைப்பில் கடந்த பத்தாண்டுகளில் நிலைபெற்ற ஓர் ஏற்பாடும் இப்படிப்பட்டதுதான். பக்கத்தின் உச்சியில் ஓர் எண்ணை மாற்றினால், கீழே அசைகிற எல்லாப் பொருளும் அதைப் பார்த்துத் தன் வேகத்தையும் தூரத்தையும் மாற்றிக்கொள்ளும். அதன் முழுப்பெயர் சிஎஸ்எஸ் கஸ்டம் பிராப்பர்ட்டி. வேலை செய்கிறவர்கள் வாயில் அது சிஎஸ்எஸ் வேரியபிள். பள்ளிக் கணக்குப் பாடத்துச் சொல்லில் மாறி. அசைவுகளை இந்த மாறிகளைக்கொண்டு எவ்வளவு தூரம் ஆளலாம், எங்கே அது கைகொடுக்கும், எங்கே காலை வாரும், அந்தக் கட்டுப்பாடு கடைசியில் யார் கையில் இருக்க வேண்டும் என்பதே இங்கே கேள்வி.

சிஎஸ்எஸ்ஸின் முதல் பதிப்பு 1996 டிசம்பரில் வந்தது. ஒரே நிறத்தை நாற்பது இடங்களில் எழுதிச் சலித்தவர்கள் அப்போதிருந்தே மாறி கேட்டு வந்தார்கள். கிடைக்காததால் 2006-ல் சாஸ் என்ற கருவி பிறந்தது. அதில் மாறி உண்டு. ஆனால் கோப்பு சர்வரை விட்டுக் கிளம்பும் முன்பே மாறி மறைந்து, வெறும் மதிப்பு மட்டும் மிஞ்சும். பக்கம் திறந்த பிறகு அதை யாரும் தொட முடியாது. பிரவுசருக்குள்ளேயே உயிரோடு இருக்கும் மாறி வேண்டும் என்று 2008-ல் டேனியல் கிளாஸ்மனும் டேவ் ஹயட்டும் முன்மொழிந்தார்கள். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் முதல் வரைவு 2012-ல் வெளியானது. ஃபயர்பாக்ஸ் 2014-ல் தன் 31-ம் பதிப்பில் ஏற்றுக்கொண்டது. குரோம் 49-ம் சஃபாரி 9.1-ம் 2016 மார்ச்சில் வந்தன. எட்ஜ் 2017-ல் சேர்ந்தது. இன்று புழக்கத்தில் உள்ள எந்தப் பிரவுசரிலும் இது ஓடும் என்று நம்பி எழுதலாம்.

அசைவுக்கு ஏன் இது முக்கியம்? நிறத்தை மாற்ற மாறி பயன்படுவது எல்லோருக்கும் தெரியும். இரவு வண்ணம், பகல் வண்ணம் என்று எல்லாத் தளங்களும் செய்கின்றன. அசைவில் அதன் பலன் இன்னும் பெரிது. கீஃப்ரேம் என்று சிஎஸ்எஸ்ஸில் எழுதப்படும் அசைவுக் குறிப்பு ஒருமுறை எழுதப்பட்டால் எல்லோருக்கும் ஒன்றே. அதற்குள் நேரடியாக எண்ணை எழுதிவிட்டால், மெதுவாக அசைய ஒன்று, வேகமாக அசைய இன்னொன்று என்று குட்டி போட்டுக்கொண்டே போகும். எண் இருக்க வேண்டிய இடத்தில் மாறியை வைத்துவிட்டால், ஒரே கீஃப்ரேம் ஒவ்வோர் உறுப்பின் மேலும் அந்தந்த உறுப்பின் மதிப்போடு ஓடும்.

இதைத் தொண்டிக் கடலை வைத்தே பார்க்கலாம். தொண்டியில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் நிலையம் இருக்கிறது. நாளிதழ்களின் வெப்பநிலைப் பட்டியலில் ஊர்ப்பெயர் வருவது அதனால்தான். அலை உயரம், கடல் நிலை ஆகியவற்றுக்கான முன்னறிவிப்பை ஹைதராபாத்தில் 1999 முதல் இயங்கும் இன்காய்ஸ் நிறுவனம் தருகிறது. பாக் நீரிணைப் பக்கம் தொழில் செய்கிறவருக்கு வேண்டியவை நான்கு: காற்று எந்தத் திசை, என்ன வேகம், அலை எவ்வளவு, கூண்டு ஏறியிருக்கிறதா. இந்த நான்கையும் காட்டும் சிறு பக்கம் ஒன்றைச் செய்வதாக வைத்துக்கொள்வோம். தொண்டி, பாம்பன், நாகப்பட்டினம் என்று ஊருக்கு ஓர் அட்டை. ஒவ்வோர் அட்டையிலும் திசை காட்டும் அம்பு, காற்றின் வேகத்துக்கேற்ப ஓடும் கோடுகள், அலையின் உயரத்துக்கேற்ப ஏறி இறங்கும் சிறு படகு.

மாறியின் பெயர் இரண்டு சிறு கோடுகளில் தொடங்க வேண்டும். அதற்குப் பின் தமிழ் எழுத்தும் வரலாம். ஆகவே --திசை, --வேகம், --அலை, --கூண்டு என்று நான்கு மாறிகள். சிஎஸ்எஸ்ஸின் கட்டளைச் சொற்களை மட்டும் எழுதும்போது ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். கட்டுரையில் அவற்றைத் தமிழ் ஒலியில் தருகிறேன்.

முதலில் ஓடும் கோடுகள். அசைவு ஒரு சுற்று முடிய எடுக்கும் நேரத்தை அனிமேஷன்-டியூரேஷன் சொல்கிறது. காற்று கூடினால் நேரம் குறைய வேண்டும். ஆகவே 60 விநாடியை வேகத்தால் வகுக்கச் சொல்லி கால்க் என்ற கணக்கில் எழுதுகிறோம். மணிக்கு 15 கிலோமீட்டர் காற்றுக்கு 4 விநாடி. 60 கிலோமீட்டருக்கு 1 விநாடி. காற்றே இல்லாத நாளில் பூஜ்யத்தால் வகுக்கும் வம்பு வரும். மேக்ஸ் என்ற கட்டளையால் 1-க்குக் கீழே போகாமல் தடுத்துவிடலாம். படகின் ஏற்ற இறக்கத்துக்குக் கீஃப்ரேமுக்குள், உறுப்பை நகர்த்தவும் சுழற்றவும் உதவும் டிரான்ஸ்ஃபார்மை எழுதி, உயரத்தை --அலை பெருக்கல் 10 பிக்சல் என்று வைக்கிறோம். ஒன்றரை மீட்டர் அலைக்கு 15 பிக்சல். மூன்று ஊர், மூன்று விதமான ஆட்டம், ஒரே கீஃப்ரேம். சர்வரிலிருந்து எண் வந்ததும் ஜாவாஸ்கிரிப்ட் செய்ய வேண்டியது அந்த அட்டையின் மேல் மாறியை எழுதுவது மட்டும். அசைவு எப்படி இருக்க வேண்டும் என்பது ஜாவாஸ்கிரிப்டுக்குத் தெரியவே வேண்டாம்.

இதுவரை எல்லாம் சுகம். சிக்கல்கள் எண் மாறும்போது தொடங்குகின்றன.

அம்பை எடுத்துக்கொள்வோம். ஐப்பசி, கார்த்திகையில் வாடை பிடித்தால் காற்று வடக்கிலிருந்து வரும். வடக்கு என்பது 0 பாகை; அதுவே 360-ம் கூட. காற்று சற்றே மேற்கில் சாய்ந்தால் 350, சற்றே கிழக்கில் சாய்ந்தால் 10. நிஜத்தில் இந்த மாற்றம் வெறும் 20 பாகை. திரையில் நடப்பதோ வேறு. 350-லிருந்து 10-க்குப் போகச் சொன்னால் பிரவுசர் கணக்குப்படி 340 பாகை பின்னோக்கிச் சுழற்றும். மேற்கே கச்சான், தெற்கே சோழகம், கிழக்கே கொண்டல் என்று எல்லாத் திசையையும் தொட்டுவிட்டு அம்பு வாடைக்கு வந்து நிற்கும். பார்க்கிறவர் சூறாவளி என்றே நினைப்பார். தீர்வு எளிது: 10 என்று எழுதாமல் 370 என்று எழுத வேண்டும். பழைய மதிப்புக்கும் புதிய மதிப்புக்கும் இடையே உள்ள குறுகிய வழியை ஜாவாஸ்கிரிப்டில் கணக்கிட்டு, மாறியை 360-ஐத் தாண்டி வளரவிட வேண்டும். கூடவே இன்னொன்று: வானிலைக்காரர்கள் சொல்லும் திசை காற்று எங்கிருந்து வருகிறது என்பது. அம்பு எங்கே போகிறது என்பதைக் காட்டுவதாக இருந்தால் 180 கூட்ட வேண்டும். இந்த 180-ஐ மறந்தால் கரைக்காற்று கடற்காற்றாகிவிடும். வலை வீசப் போகிறவருக்கு அது சின்னப் பிழை அல்ல.

கோடுகளில் வேறு மாதிரிச் சிக்கல். காற்று 15-லிருந்து 30 ஆகிறது. 4 விநாடி 2 விநாடியாகிறது. ஓடிக்கொண்டிருக்கும் அசைவின் கடிகாரம் மட்டும் மாறுவதில்லை. முதல் சுற்றில் 3 விநாடி ஓடியிருந்தால் முக்கால் தூரம் போயிருக்கும். இப்போது சுற்றே 2 விநாடி என்றால் அதே 3 விநாடி இரண்டாம் சுற்றின் பாதி. ஆக, கோடு முக்கால் தூரத்திலிருந்து அரைத் தூரத்துக்கு வெடுக்கென்று தாவும். மாறியைக் குறை சொல்லிப் பயனில்லை. நேரத்தை நடுவழியில் மாற்றினால் அப்படித்தான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறும் தகவல் என்றால் தாவலைப் பொறுத்துக்கொள்ளலாம். விநாடிக்கு விநாடி மாறும் தகவல் என்றால் வேகத்தை மாறியிடம் கொடுக்கக் கூடாது. வெப் அனிமேஷன்ஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் வசதியில் அப்டேட்-பிளேபேக்-ரேட் என்ற கட்டளை இருக்கிறது. அது தாவல் இல்லாமல் வேகத்தைக் கூட்டும், குறைக்கும். எல்லாவற்றையும் சிஎஸ்எஸ்ஸிலேயே முடித்துவிட வேண்டும் என்ற வீம்பு இங்கே வேண்டாம்.

இதற்கு நேர்மாறாக, நேரத்தைத் தொடாமல் நிலையை மட்டும் மாறியிடம் ஒப்படைக்கும் ஓர் அழகான உத்தி உண்டு. அசைவின் நீளம் 24 விநாடி. அதை நிறுத்தி வைத்துவிடுகிறோம். அனிமேஷன்-டிலே என்ற தாமதத்தை எதிர்மறையாகக் கொடுத்தால், அசைவு அத்தனை விநாடி ஏற்கெனவே ஓடிய நிலையில் உறைந்து நிற்கும். தாமதம் --மணி பெருக்கல் -1 விநாடி என்று எழுதி, கீழே ஓர் இழுவைப் பட்டையை வைத்தால், விரலால் இழுக்க இழுக்க நாளை காலை 4 மணிக் கடலும் மாலை 6 மணிக் கடலும் கண்முன் வந்து போகும். தானாக எதுவும் ஓடவில்லை. பார்க்கிறவர் கை அசைந்தால்தான் கடல் அசையும். முன்னறிவிப்புக்கு இதைவிடப் பொருத்தமான அசைவு இல்லை என்பது என் கருத்து.

இப்போது, அசைவை நிர்ணயிக்கும் மாறி வேறு, மாறியையே அசைப்பது வேறு. இந்த இரண்டும்தான் அடிக்கடி குழம்புகின்றன. கீஃப்ரேமுக்குள் --வேகம் 20 என்றும் முடிவில் 40 என்றும் எழுதினால், 20, 21, 22 என்று படிப்படியாக ஏறும் என எதிர்பார்ப்போம். பாதி வழிவரை 20-லேயே நின்று, சரியாக நடுவில் 40-க்குத் தாவும். காரணம், பிரவுசருக்கு அந்த மாறி எண் என்றே தெரியாது. எதையும் வைத்துக்கொள்ளும் வெறும் எழுத்துக்கோவை அது. 'வாடை' என்பதற்கும் 'கொண்டல்' என்பதற்கும் நடுவே என்ன இருக்கிறது என்று கேட்டால் யார் சொல்ல முடியும்?

இதைத் தீர்க்க வந்தது அட்-பிராப்பர்ட்டி என்ற பதிவு முறை. மாறியின் வகை என்ன (எண்ணா, கோணமா, நிறமா), அது பிள்ளை உறுப்புகளுக்கு இறங்குமா, தொடக்க மதிப்பு என்ன என்ற மூன்றையும் அறிவித்துவிட்டால், பிரவுசர் அதை எண்ணாகவே நடத்தும், இடைநிலைகளைக் கணக்கிடும். குரோம் 2020-ல் 85-ம் பதிப்பில் கொண்டுவந்தது. சஃபாரி 2023 மார்ச்வரை காத்திருந்தது. ஃபயர்பாக்ஸ் 2024 ஜூலையில்தான் 128-ம் பதிப்பில் சேர்ந்தது. நான்கு ஆண்டு இழுபறி. அதனால்தான் இணையத்தில் கிடைக்கும் பல உதாரணங்கள் இதை இன்னும் சோதனை வசதி என்றே பேசுகின்றன. இப்போது அந்தத் தயக்கம் தேவையில்லை.

ஆனால் எல்லா இடத்திலும் இது வேண்டுமா என்றால், வேண்டாம். நம் அம்பு சுழல்வதற்கு இந்தப் பதிவு தேவையே இல்லை. டிரான்ஸ்ஃபார்முக்கு, மாற்றத்தைப் படிப்படியாக நிகழ்த்தும் டிரான்ஸிஷன் கொடுத்திருந்தால், மாறி தாவினாலும் அதன் விளைவான சுழற்சி வழுவழுவென்று நடக்கும்; பிரவுசர் இடைநிலை காண்பது டிரான்ஸ்ஃபார்மின் மேல்தான். பதிவு தேவைப்படுவது வேறு வகை வேலைக்கு: காற்று வரும் பக்கத்தை வட்டத்தில் நிறம் தீட்டிக் காட்டுகிறோம், அந்த நிறக் கலவையின் கோணம் நகர வேண்டும் என்றால் கோணத்தையே மாறியாகப் பதிய வேண்டும். நிறக் கலவையை நேரடியாக அசைக்கச் சிஎஸ்எஸ்ஸில் வேறு வழி இல்லை.

பதிவுக்கு இன்னொரு பலன் உண்டு. அசைவைவிட அதுவே பெரிது என்பேன். நிலையத்திலிருந்து எண்ணுக்குப் பதில் 'தகவல் இல்லை' என்ற சொல் வந்துவிட்டது என்று வையுங்கள். பதியாத மாறியில் அது அப்படியே போய் உட்காரும். கால்க் கணக்கு உடையும். டியூரேஷன் பூஜ்யமாகும். கோடுகள் சத்தமில்லாமல் நின்றுவிடும். திரையைப் பார்க்கிறவர் காற்று இல்லை என்று எடுத்துக்கொள்வார். மாறியோடு மாற்று மதிப்பு ஒன்றை எழுதி வைத்தால் தப்பிக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். அது மாறியே இல்லாதபோதுதான் உதவும். மாறியில் தப்பான சரக்கு இருக்கும்போது உதவாது. பதிந்த மாறி தப்பான வகையை ஏற்காது. மேலிருந்து இறங்கும் மதிப்புக்கோ தொடக்க மதிப்புக்கோ திரும்பிவிடும். அப்போதும் 'தகவல் இல்லை' என்பதை எழுத்தில் காட்டியாக வேண்டும் என்பது வேறு விஷயம்.

பதிந்துவிட்டோம் என்பதற்காக மாறிகளை இஷ்டத்துக்கு அசைக்கவும் கூடாது. நடுத்தர விலை போனில் இதன் வலி தெரியும். டிரான்ஸ்ஃபார்ம், ஒளிபுகாமையைச் சொல்லும் ஒப்பாசிட்டி இரண்டையும் அசைத்தால், பிரவுசர் அந்த வேலையைத் தனிப் பாதைக்கு அனுப்பிவிடும். பக்கத்தில் வேறு வேலை நடந்தாலும் அசைவு தடுமாறாது. மாறியை அசைத்தால் ஒவ்வொரு சட்டகத்துக்கும் முதன்மைப் பாதையில் பாணிகளைத் திரும்பக் கணக்கிட வேண்டும். விநாடிக்கு 60 சட்டகம் என்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 16.7 மில்லிவிநாடி. பக்கத்தின் உச்சியான ரூட்டில் அந்த மாறி இருந்தால் இன்னும் மோசம்; அது எல்லாப் பிள்ளைகளுக்கும் இறங்குவதால், ஒரு மாறி அசைய மொத்தக் குடும்பமும் கணக்கெடுக்கப்படும். பதிவில் 'இறங்காது' என்று குறித்துவிட்டு, தேவைப்படும் உறுப்பின் மேலேயே மாறியை வைத்தால் சுமை குறையும். கீஃப்ரேமுக்குள் டிரான்ஸ்ஃபார்ம் எழுதி அதற்குள் மாறியை வைப்பதில் இந்தச் சுமை கிடையாது. மதிப்பு தொடக்கத்திலேயே தீர்மானமாகிவிடும். எளிய விதி இதுதான்: அசைவின் அளவுகளை மாறி சொல்லட்டும், அசைவதை டிரான்ஸ்ஃபார்ம் செய்யட்டும். திரையை உருட்டும்போது நிகழும் அசைவுகளுக்கு ஸ்க்ரோல் நிலையை ஜாவாஸ்கிரிப்ட் ஒரு மாறியில் ஓயாமல் எழுதும் பழக்கம் இருந்தது. குரோம் 115-லிருந்து அனிமேஷன்-டைம்லைன் என்ற வசதி அதே வேலையைச் செய்கிறது. புதிதாக எழுதுகிறவர்கள் பழைய வழிக்குப் போக வேண்டியதில்லை.

கூண்டு விஷயத்துக்கு வருவோம். எச்சரிக்கை கூடக்கூடப் பக்கத்தில் அசைவும் கூட வேண்டும் என்றுதான் வடிவமைப்பாளர் மனம் நினைக்கும்: சிவப்பு சிமிட்டும், அலை கொந்தளிக்கும். நான் இதற்கு நேர் எதிர்க்கட்சி. புயல் நெருங்கும் நேரத்தில் சிக்னல் இழுக்கும், கரண்ட் போயிருக்கும், போனில் சார்ஜ் இருபதுக்குக் கீழே இருக்கும், படிக்கிறவர் கை நடுங்கும். அப்போது அவருக்கு வேண்டியது அசையாத பெரிய எழுத்து. ஆகவே --அசைவு என்று ஒரு மாறி: 5-லிருந்து --கூண்டைக் கழித்து 4-ஆல் வகுத்து, கிளாம்ப் கட்டளையால் 0-க்கும் 1-க்கும் இடையே நிறுத்துவது. கூண்டு இல்லை, அல்லது 1-ம் எண் என்றால் 1: முழு அசைவு. 3 என்றால் அரை. 5-ம் அதற்கு மேலும் என்றால் 0. படகு ஏறி இறங்கும் உயரத்தையும் கோடுகள் ஓடும் தூரத்தையும் இந்த --அசைவால் பெருக்கிவிட்டால், 5-ம் எண் கூண்டு ஏறியதும் அட்டை தானாக அமைதியாகிவிடும்.

இந்த வாய்ப்பாட்டை எங்கே எழுதுகிறோம் என்பதில் பலரும் மாட்டிக்கொள்ளும் ஒரு கண்ணி இருக்கிறது. ரூட்டில் --கூண்டு 1 என்றும், அங்கேயே --அசைவு வாய்ப்பாட்டையும் எழுதிவிட்டு, நாகப்பட்டினம் அட்டையில் மட்டும் --கூண்டு 5 என்று வைத்தால், அந்த அட்டையில் அசைவு 0 ஆகும் என்று எதிர்பார்ப்போம். ஆகாது. வாய்ப்பாடு எழுதிய இடத்திலேயே அந்த இடத்து எண்ணைப் போட்டு முடித்துவிட்டு, விடையைத்தான் பிரவுசர் கீழே இறக்கும். அட்டையின் 5 அதற்குத் தெரியாது. ஊருக்கு ஊர் மாறும் கணக்கை ரூட்டில் எழுதாமல் அட்டையின் கிளாஸிலேயே எழுத வேண்டும். அப்போது ஒவ்வோர் அட்டையும் தன் கூண்டைப் பார்த்துத் தானே கணக்குப் போடும்.

இத்தனையும் வடிவமைப்பாளரின் முடிவுகள். வாசகரின் முடிவு எங்கே?

காதின் உட்பகுதியில் உள்ள சமநிலை உறுப்பு பாதிக்கப்பட்டவர்களுக்குத் திரையில் பெரிய அசைவைப் பார்த்தாலே தலை சுற்றும், குமட்டும். ஆப்பிள் 2013-ல் ஐஓஎஸ் 7-ஐ வெளியிட்டபோது திரைக்குள் ஆழம் காட்டும் அசைவுகளால் பலர் அவதிப்பட்டதும், அசைவைக் குறைக்கும் தேர்வு முன்னுக்கு வந்ததும் பதிவான வரலாறு. அந்தத் தேர்வை வலைப்பக்கம் அறிந்துகொள்ள பிரிஃபர்ஸ்-ரெட்யூஸ்டு-மோஷன் என்ற மீடியா கேள்வி வந்தது: சஃபாரியில் 2017, ஃபயர்பாக்ஸில் 2018, குரோமில் 2019. டபிள்யூ3சியின் அணுகல் நெறிகள் இன்னும் தெளிவு. தானாகத் தொடங்கி 5 விநாடிக்கு மேல் பிற உள்ளடக்கத்தோடு சேர்ந்து ஓடும் எதையும் நிறுத்த வழி இருக்க வேண்டும். விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் எதுவும் பளிச்சிடக் கூடாது.

நம் ஊர் அரசுத் தளங்களிலும் கல்லூரித் தளங்களிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மார்க்கீ பட்டையை இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள். எச்டிஎம்எல் தரம் அதை வழக்கொழிந்தது என்று எழுதிவிட்டது. ஆனால் பிரவுசர்கள் பழைய பக்கங்களுக்காக இன்றும் அதை ஓட்டுகின்றன. வாசகர் போனில் அசைவைக் குறைக்கச் சொல்லியிருந்தாலும் அது கேட்பதில்லை. அறிவிப்பின் பக்கத்தில் 'நியூ' என்று சிமிட்டும் ஜிஃப் படமும் கேட்பதில்லை. பாதி படிப்பதற்குள் ஓடிப்போகும் அறிவிப்பை யாருக்காகப் போடுகிறார்கள் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

மாறி இங்கேதான் தன் முழு மதிப்பைக் காட்டுகிறது. ரூட்டில் --விருப்பம் என்று ஒரு மாறி, மதிப்பு 1. அசைவைக் குறைக்கச் சொல்லும் மீடியா கேள்விக்குள் அதே மாறி 0. பக்கத்திலேயே 'அசைவை நிறுத்து' என்று ஒரு டிக் பெட்டி. அதைத் தட்டினாலும் 0. அட்டையின் --அசைவு வாய்ப்பாட்டை இந்த --விருப்பத்தால் பெருக்கிவிடுங்கள். வாசகர் வேண்டாம் என்றால் பூஜ்யம். கடல் வேண்டாம் என்றாலும் பூஜ்யம். நூறு இடத்தில் எழுதிய அசைவுகளை நூறு இடத்தில் போய் அணைக்க வேண்டியதில்லை.

அணைப்பதிலும் ஒரு நுணுக்கம். பலர் எல்லா அசைவுகளின் நேரத்தையும் நூறில் ஒரு மில்லிவிநாடியாகக் குறைத்துவிடும் துண்டு நிரலை நகலெடுத்து ஒட்டுகிறார்கள். அத்தோடு சுற்றுகளின் எண்ணிக்கையை 1 ஆக்கும் வரியும் உண்டு. அதை விட்டுவிட்டால் முடிவில்லாமல் ஓடும் அசைவு கண்மூடித் திறப்பதற்குள் ஆயிரம் சுற்றுப் போகும். அசைவு வேண்டாம் என்றவருக்கு மினுக்கல் பரிசாகக் கிடைக்கும். நேரத்தைச் சுருக்குவதைவிடத் தூரத்தைச் சுருக்குவதே நல்லது. படகு நகரும் பிக்சல் பூஜ்யமாகட்டும். அட்டை மெல்ல நிறம் மாறுவது இருந்துவிட்டுப் போகட்டும். குமட்டல் வருவது பெரும்பாலும் நகர்வால்தான். மெல்லிய நிறமாற்றத்தால் அல்ல. ஆனால் தூரம் பூஜ்யமானாலும் அசைவு உள்ளே ஓடிக்கொண்டு பேட்டரியைத் தின்னும். ஆகவே --ஓட்டம் என்று இன்னொரு மாறி. அதன் மதிப்பு எண் அல்ல, 'ரன்னிங்' அல்லது 'பாஸ்டு' என்ற கட்டளைச் சொல். அனிமேஷன்-பிளே-ஸ்டேட் அதைப் படித்து நிற்கும். மாறியில் எண்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

தமிழில் பெயர் வைப்பது பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் தமிழில் நிரல் பழகும் மாணவர்கள் ஆசையாக இதைத்தான் முதலில் செய்வார்கள். வைக்கலாம், பிரவுசர் மறுக்காது. ஆனால் மாறிப் பெயர்களைச் சிஎஸ்எஸ் குறியீட்டெண் குறியீட்டெண்ணாகத்தான் ஒப்பிடும். --தொண்டி என்று எழுதுகிறோம். அதில் உள்ள 'தொ'வின் கொம்பும் காலும் யூனிகோடில் ஒரே குறியாகவும் இருக்கலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒருவர் விசைப்பலகையில் தட்டியதும், இன்னொருவர் பழைய எழுத்துரு மாற்றி ஒன்றிலிருந்து ஒட்டியதும் வேறு வேறு மாறிகளாகிவிடலாம். அசைவு ஓடாது, பிழைச் செய்தியும் வராது. கண்ணால் பார்த்து ஆயுசுக்கும் கண்டுபிடிக்க முடியாது. ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய் இல்லாத பெயர்களாகத் தேர்ந்தால் இந்தத் தொல்லை இல்லை. திசை, வேகம், அலை, கூண்டு, மணி, அசைவு, விருப்பம் எல்லாம் தப்பித்துவிடும். கொண்டல் தப்பாது.

பிளஸ் 1 கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் சிஎஸ்எஸ் இருக்கிறது. கணியம் தளத்தில் து. நித்யாவின் 'எளிய தமிழில் CSS' இலவசமாகவே கிடைக்கிறது. இவற்றை வைத்துச் சொல்லித்தரும் ஆசிரியர்கள், நிறத்தை மாற்றும் பாடத்துக்கு அடுத்த நாளே மாறியையும், அதற்கு அடுத்த நாள் வாசகரின் விருப்பத்தைக் கேட்கும் மீடியா கேள்வியையும் காட்டிவிட்டால் நன்று. அசையவைக்கக் கற்றுக்கொண்ட கை, நிறுத்தவும் அதே வாரத்தில் கற்றுக்கொள்ள வேண்டும்.

இது வெறும் ரசனை சார்ந்த விவகாரம் என்று யாரும் தள்ளிவிட முடியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே தகவல் தொடர்பு எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டது. அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டுநெறி 2009-ல் வந்து, 2023-ல் மூன்றாம் பதிப்பாகத் திருத்தப்பட்டது. டபிள்யூ3சியின் அணுகல் நெறிகளையே அது அடிப்படையாகக் கொள்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில் உச்ச நீதிமன்றம், இணையச் சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்பின் 21-ம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. உங்கள் மாவட்டத் தளத்திலோ, பிள்ளைகள் படிக்கும் கல்லூரியின் தளத்திலோ நிறுத்த வழியில்லாமல் ஏதேனும் ஓடிக்கொண்டிருந்தால், அதைப் பராமரிக்கிறவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். செய்ய வேண்டிய மாற்றம் ஏழெட்டு வரிதான் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.